கேழ்வரகளவு உயரமானி

மேலிருந்து பார்த்த லாரி

கடையில் வாங்கிய பொம்மை விமானம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் பொம்மையாகத்தான் தெரிகிறது. கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நின்று கீழே பார்த்தால், சமவெளியில் ஓடும் நிஜ லாரியும் பொம்மையாகத்தான் தெரிகிறது. நிஜம் எப்போது பொம்மையாகிறது? பொம்மை எப்போது நிஜமாகும்? இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் விடைகள் வேறு.

தட்டையான சாலையில் அரை கிலோமீட்டர் தள்ளி வரும் லாரி யாருக்கும் பொம்மையாகத் தெரிவதில்லை. கண்ணுக்கும் லாரிக்கும் நடுவில் புளியமரங்கள், மின்கம்பங்கள், மைல்கற்கள் வரிசையாக நிற்கின்றன. மூளை அவற்றை ஏணிப்படி போலப் பிடித்துக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, லாரியை அதன் உண்மையான அளவுக்குப் பெருக்கிக்கொள்கிறது. உளவியலார் இதை அளவு நிலைப்பு என்கிறார்கள். மலைவிளிம்பில் அந்த ஏணி இல்லை. நடுவில் இருப்பதெல்லாம் வெறும் காற்று. பெருக்கல் நின்றுபோகிறது, லாரி தீப்பெட்டி ஆகிவிடுகிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சிறுவனாக இருந்தபோது, போட்ஸ்டாம் நகரத்துத் தேவாலயக் கோபுரத்தின் மேலே நின்றவர்களைப் பொம்மைகள் என்று நினைத்து, எடுத்துத் தரும்படி அம்மாவிடம் கேட்டதைப் பிற்காலத்தில் தம் நூலில் எழுதி வைத்தார்.

கையில் இருக்கும் பொம்மையின் கதை வேறு. முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளைப் பார்க்க இரு கண்களும் மூக்குப் பக்கமாகத் திரும்புகின்றன. கண்ணின் வில்லை தடிக்கிறது. பொருள் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே சிறியது என்று தசைகளே மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. இந்தச் சாட்சியை எந்த மாதிரிக் கலைஞராலும் கலைக்க முடியாது. ஆனால் மூளை இரண்டாவது சாட்சியையும் கேட்கிறது. விளிம்புகள் தடித்திருக்கின்றனவா, பட்டைகள் விறைத்து நிற்கின்றனவா, கருவிகள் வெறும் கறுப்புப் புள்ளிகளா என்று பார்க்கிறது. இந்த இரண்டாவது சாட்சியை மட்டும் நம் பக்கம் இழுக்க முடியும். அதற்கான போராட்டம் பெரும்பாலும் விமானி அறைக்குள்தான் நடக்கிறது. மாதிரி விமானத்தைக் கையில் எடுப்பவர் முதலில் குனிந்து பார்ப்பது அதற்குள்தான்.

பெட்டியில் வரும் உதிரிகளை ஒட்டாமல், தகடும் கம்பியும் கொண்டு தானே வெட்டிச் செய்வதை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ஸ்கிராட்ச் பில்ட் என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அதற்குக் கைச்செய்கை என்று பெயர்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு

விமான மாதிரிகளில் பரவலான அளவு 1/72. எண் விநோதமாக இருக்கிறது, காரணம் எளிது. ஆறடி உயர மனிதர் ஓர் அங்குலமாகச் சுருங்கினால் வரும் அளவு அது, ஆறடிக்கு 72 அங்குலம் என்பதால். பழைய தமிழ்க் கணக்கில் சொன்னால், 1/64 ஆகிய கால்வீசத்துக்கும் 1/80 ஆகிய காணிக்கும் நடுவில் விழுகிறது. 1930களில் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கருவித்தொகுதிகளும், 1936-இல் ஃபிராக் பெங்குவின் என்ற பிளாஸ்டிக் தொகுதிகளும் இந்த அளவை நிலைநிறுத்தின.

இரண்டாம் உலகப் போர் இந்த அளவைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோனது. தூரத்தில் வரும் விமானம் தம்முடையதா எதிரியுடையதா என்று கண்டுபிடிக்கப் படைவீரர்களைப் பழக்க, 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைக் கேட்டது. எல்லாம் 1/72 அளவு, எல்லாம் கறுப்பு. பத்து மீட்டர் தள்ளி அப்படி ஒரு மாதிரியைத் தூக்கிப் பிடித்தால், 720 மீட்டரில் பறக்கும் நிஜ விமானத்தின் உருவம் கிடைக்கும்.

தூரமும் அதே 72 மடங்கு பெருகும் என்ற இந்தக் கணக்கு கைச்செய்கைக்கு அடித்தளம். முப்பது சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கும் மாதிரி, 21.6 மீட்டர் தள்ளி நிற்கும் விமானத்துக்குச் சமம். இருபது மீட்டருக்கு அப்பால் இருக்கும் விமானத்தின் இருக்கைப் பட்டையில் உள்ள தையலை யார் பார்க்கப் போகிறார்கள்? அதை மாதிரியில் செய்வது வீண் உழைப்பு. எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைக் கண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

கண் எதை விடும், எதை விடாது

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இந்த அளவைக் கலை என்பார்கள். முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது 0.09 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். நிஜ விமானத்தில் அது ஆறு மில்லிமீட்டரைத் தாண்டும். அதைவிட நெருக்கமான இரண்டு பொருள்கள் மாதிரியில் ஒன்றாகக் கலந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் செய்யத் தேவையில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வெள்ளை வானத்துக்கு எதிரே தெரியும் மின்கம்பியை நினைத்துப் பார்க்கலாம். வெகுதூரத்திலிருந்து அதன் அகலம் கலையில் ஒரு சிறு பின்னம்தான், ஆனாலும் கோடு தெரிகிறது. தனித்து நிற்கும் ஒற்றைக் கோட்டைக் காண்பது வேறு, இரண்டு கோடுகளைப் பிரித்தறிவது வேறு. மூன்றாவதாக ஒரு திறனும் கண்ணுக்கு உண்டு. நேர்க்கோட்டில் இருக்க வேண்டியது விலகியிருந்தால், கலையில் ஆறில் ஒரு பங்கு விலகலைக்கூடச் சாதகமான வெளிச்சத்தில் அது பிடித்துவிடும். இதை நேர்க்கோட்டுக் கூர்மை எனலாம். அளவுகோலில் வெர்னியர் கோடுகளை ஒப்பிட உதவுவது இதுதான். 1/72 மாதிரியில் 0.015 மில்லிமீட்டர் கோணலும் உறுத்தக்கூடும்.

ஆகவே கைச்செய்கைக்கு ஒரு வினோதமான விதி பிறக்கிறது: அளவுமானிக்குள் இருக்கும் எழுத்துகளை விட்டுவிடலாம், அளவுமானிகளின் வரிசையை மட்டும் கோணலாக விடக்கூடாது.

மாருத்தை அளப்பது

இந்த விதியைப் பயன்படுத்திப் பார்க்க ஒரு விமானம் வேண்டும்: இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர்விமானமான எச்.எஃப்.-24 மாருத். ஜெர்மானியப் பொறியாளர் கூர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவானது. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலில் பறக்கவிட்டார். மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. முதல் பறப்புக்கும் முன்பே, 1959-இல், அதே அளவில், அதே வடிவில் ஒரு மரக் கிளைடரைச் செய்து டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சுருக்கப்படாத மாதிரி என்று அதைச் சொல்லலாம்.

மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர். 1/72-இல் இவை 22 சென்டிமீட்டரும் 12.5 சென்டிமீட்டரும் ஆகின்றன. உடலின் அளவுகள் எளிதில் கிடைக்கும். விமானி அறைக்குள் அளவுமானிகள் பதிந்திருக்கும் பலகையின் அகலம் எங்கே கிடைக்கும்? சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்திலும் பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் மாருத்கள் நிற்கின்றன. ஆனால் அளவுநாடாவோடு உள்ளே இறங்க யாரும் விடமாட்டார்கள். மிஞ்சுவது புகைப்படம்.

புகைப்படத்திலேயே ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்து விமானங்களில் பெரிய அளவுமானிகள் தரப்படுத்தப்பட்ட விட்டம் கொண்டவை: மூன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 79 மில்லிமீட்டர். ஒரு படத்தில் இப்படிப்பட்ட வட்டம் 11 மில்லிமீட்டராகவும் பலகை முழுவதும் 90 மில்லிமீட்டராகவும் விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டத்தைவிடப் பலகை எட்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஆகவே நிஜப் பலகை ஏறத்தாழ 65 சென்டிமீட்டர், மாதிரியில் 9 மில்லிமீட்டர்.

படம் நேர் எதிரே நின்று எடுக்கப்பட்டிருக்காது என்பது வழக்கமான தலைவலி. அங்கேயும் வட்டமே கைகொடுக்கிறது. சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். ஆனால் அதன் நீண்ட விட்டம் குறைவதில்லை, குறுகுவது ஒரு பக்கம் மட்டுமே. ஆகவே எந்தக் கோணத்தில் எடுத்த படத்திலும் நீண்ட விட்டத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம். குறுகிய விட்டம் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது சாய்வைச் சொல்லிவிடும். பாதியாகியிருந்தால் பலகை 60 பாகை திரும்பியிருக்கிறது என்று பொருள். ஒரே படத்தில் பத்து வட்டங்கள் இருந்தால் பத்து சாட்சிகள் கிடைத்த மாதிரி.

ஓர் உயரமானி, ஆரம்பத்திலிருந்து

79 மில்லிமீட்டரை 72-ஆல் வகுத்தால் 1.1 மில்லிமீட்டர். தேவனூர் நாடு முதலான கொல்லிமலை நாடுகளில் விளையும் கேழ்வரகில் பொடி மணியாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் ஏறக்குறைய இதே அளவுதான் இருக்கும். அந்த மணிக்குள் ஓர் உயரமானியின் முகப்பை வரைய வேண்டும்.

நிஜ உயரமானியின் முகப்பில் 0 முதல் 9 வரை பத்து எண்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து சிறு பிரிவுகள். ஆக 50 கோடுகள். கடிகாரம் மாதிரி மூன்று முட்கள். நீண்ட முள் நூறடிகளையும், நடு முள் ஆயிரம் அடிகளையும், குட்டி முள் பத்தாயிரம் அடிகளையும் காட்டும்.

மாதிரியில் கோடுகளின் வளையம் 0.8 மில்லிமீட்டர் விட்டம் என்று கொண்டால், அதன் சுற்றளவு இரண்டரை மில்லிமீட்டர். ஐம்பது கோடுகளை அதில் அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் 0.05 மில்லிமீட்டர் இடம். கண்ணின் எல்லையான 0.09-க்குக் கீழே போய்விட்டது. எல்லாம் குழம்பிச் சாம்பல் நிற வளையமாகிவிடும். பத்துக் கோடுகள் மட்டும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.25 மில்லிமீட்டர் கிடைக்கிறது. தாராளமாகப் பிரிந்து தெரியும். நிஜ எண்ணின் உயரம் ஆறு மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் 0.08. எழுதினாலும் படிக்க முடியாது. புள்ளி வைத்தால் போதும், எண் என்று மூளையே நிரப்பிக்கொள்ளும். ஐம்பதையும் வரைந்தவரின் உயரமானியைவிடப் பத்து மட்டும் வரைந்தவரின் உயரமானிதான் நிஜம் போல இருக்கும். முழு உண்மையைச் சொன்னவருக்குச் சாம்பல் வளையம்தான் மிச்சம்.

பலகைக்கு 0.25 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தகடு. நிஜ அளவில் இது 18 மில்லிமீட்டர் பலகை ஆகிறது. விமானத்தில் அவ்வளவு தடித்த பலகை கிடையாது. ஆனால் ஓரங்களை மேல்விதானமும் பக்கச் சுவர்களும் மறைத்துவிடுவதால் இங்கே சாட்சி சொல்ல யாரும் இல்லை. எஃகு அளவுகோலை வைத்து ஊசியால் ஒரே ஒரு கோடு கீற வேண்டும். துளைகளின் மையங்கள் எல்லாம் அந்தக் கோட்டின் பள்ளத்தில்தான் விழ வேண்டும். ஊசிமுனை பள்ளத்தில் தானாகச் சறுக்கி உட்கார்ந்துகொள்ளும். கை நடுங்கினாலும் மேலும் கீழும் விலகாது. நேர்க்கோட்டுக் கூர்மையை ஏமாற்றும் வேலை இந்த ஒரு கீறலில் முடிந்துவிடுகிறது. பிறகு விரலால் சுழற்றும் கைத்துளைப்பானில் முதலில் அரை மில்லிமீட்டர், அதன்பின் 1.1 மில்லிமீட்டர் அலகால் துளைக்க வேண்டும். ஒரே மூச்சில் பெரிய அலகைப் போட்டால் மெல்லிய தகடு அலகோடு சேர்ந்து சுற்றிக் கிழியும்.

முகப்பு வேறு தகட்டில். வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல் மங்கிய கறுப்பு வண்ணத்தை மிக மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, தையல் ஊசியின் முனையால் கறுப்பைக் கீறி எடுத்தால் அடியிலுள்ள வெள்ளை கோடாக வெளிவரும். தூரிகையால் வெள்ளைக் கோடு போட முயன்றால் வண்ணத்தின் ஈரமே கோட்டை அகலமாக்கிவிடும். கீறலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கணினி அச்சுப்பொறியாலும் முகப்புகளைச் செய்யலாம். அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் இயந்திரத்தில் ஒரு புள்ளி 0.04 மில்லிமீட்டர், முள்ளின் அகலம் முழுவதுமே ஒரு புள்ளியில் அடங்கிவிடும், சாய்வான முள் படிக்கட்டாக விழும்.

முட்களை எங்கே நிறுத்துவது? உயரமானி காற்றழுத்தத்தை அளந்து உயரமாகச் சொல்லும் கருவி. தரையில் நிற்கும்போது கடல்மட்டத்திலிருந்து தரையின் உயரத்தைக் காட்டும்படியோ, பூஜ்யம் காட்டும்படியோ ஒரு திருகால் அமைத்துக்கொள்ளலாம். பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையம் சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே முதல் வகையில் அமைத்தால் நீண்ட முள் 9-இல் நிற்கும்; நடு முள் 3-ஐத் தொடாமல் சற்று முன்னே நிற்கும். முகப்பில் பத்தே பிரிவுகள் என்பதால் இந்த 9 கடிகாரத்தின் 9 இருக்கும் இடத்தில் இல்லை, ஏறக்குறைய 11 இருக்கும் இடத்தில் இருக்கிறது. பலர் இதில்தான் தவறுகிறார்கள். அதே விமானம் கொல்லிமலையில் 3,500 அடி உயரத்தில் நிற்பதாகக் கற்பனை செய்தால், நீண்ட முள் நேர் கீழே 5-ஐக் காட்டும். நடு முள் 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும். சென்னையில் எல்லா முட்களும் உச்சியை ஒட்டிக் குவிந்து, உயிரில்லாத கருவி போல ஆகிவிடும். மாருத் பிறந்த ஊர் பெங்களூர் என்பதால் 2,900 அடி கண்ணுக்கும் அழகு, வரலாற்றுக்கும் பொருத்தம்.

முள் கீறப்பட்ட தகட்டைப் பலகையின் பின்னால் வைத்து, துளைக்குள் முகப்பு நடுவில் வரும்வரை முள்வாங்கியால் நகர்த்தி ஒட்ட வேண்டும். பலகையின் தடிமனே முகப்பைச் சுற்றிக் குழிவாக நின்று, நிஜ அளவுமானியின் வளையம் போலத் தோன்றும்.

துளியே கண்ணாடி

முகப்பின் மேல் கண்ணாடி வேண்டும். பளபளப்பான தெளிந்த வார்னிஷை ஊசிமுனையில் எடுத்துத் துளைக்குள் வைத்தால் போதும். பெரிய பாத்திரத்தில் ஊற்றிய நீர் சமதளமாக நிற்கிறது. கேழ்வரகளவு துளைக்குள் வைத்த துளி மேடாகப் புடைக்கிறது. காரணம் பரப்பு இழுவிசை. திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்கிறது. புவியீர்ப்பு அதைத் தட்டையாக்கப் பார்க்கிறது. இந்த இரண்டில் எது ஜெயிக்கும் என்பது அளவைப் பொறுத்தது. தண்ணீருக்கு எல்லை சுமார் 2.7 மில்லிமீட்டர்; வார்னிஷுகளுக்கு ஏறத்தாழ 2. அதற்குக் கீழே தோலின் ராஜ்ஜியம். குளத்தில் நீர்ப்பூச்சி நடப்பதும் அதனால்தான்.

ஆனால் வார்னிஷின் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற சரக்கு. காலையில் வைத்த மேடு மாலைக்குள் பள்ளமாகியிருக்கும். கொஞ்சம் மேடாக வைத்து, காய்ந்தபின் மறுபடி ஒரு துளி சேர்த்தால் ஏறத்தாழ சமமாகும். மிஞ்சுகிற சிறு வளைவு குற்றமில்லை. அதில் விழும் விளக்கொளி ஒரே புள்ளியாகத் திரண்டு, உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று கண்ணுக்கு அறிவித்துவிடும்.

தொங்க மறுக்கும் பட்டை

நிஜத்திலிருந்து மாதிரி மிக வெட்கக்கேடாக விலகும் இடம் இருக்கைப் பட்டை. விமானியின் பட்டை சுமார் 45 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். மாதிரியில் 0.6 அகலம், 0.02 தடிமன். நோட்டுப் புத்தகத் தாளை வெட்டி ஒட்டுவது பொதுவான பழக்கம். தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், 72 மடங்காக்கினால் ஏழு மில்லிமீட்டர் பலகை. விமானியைப் பட்டையால் அல்ல, மரச்சட்டத்தால் கட்டியது போல இருக்கும்.

சரி, மெல்லிய துணியாலேயே செய்தால்? அப்போது இன்னும் சுவையான ஒரு சிக்கல் வருகிறது. ஒரு பழைய வேட்டியிலிருந்து ஒரு முழ நீளக் கீற்றைக் கிழித்து ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தொங்கும். அதே கீற்றில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெட்டிப் பிடித்தால் குச்சி போல நீட்டிக்கொண்டு நிற்கும். துணி மாறவில்லை, புவியீர்ப்பும் மாறவில்லை. நீளும் பகுதியின் எடையும், அந்த எடை கீழ்நோக்கி நெம்பும் தூரமும், வளைவு பரவ இருக்கும் இடமும் மூன்றும் நீளத்தோடு சேர்ந்து வளர்கின்றன. துணியின் விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எந்த நீளத்தில் துணி தன் எடைக்குத் தானே வளையத் தொடங்குகிறதோ அதை வளைநீளம் எனலாம். 1930-இல் எஃப். டி. பீர்ஸ் என்ற ஆய்வாளர் இதை அளக்கும் முறையை வகுத்தார். துணி ஆய்வகங்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சாதாரணப் பருத்தித் துணிக்கு அது ஓரிரு சென்டிமீட்டர். மாதிரியின் இருக்கைப் பட்டையின் முழு நீளமே ஏழெட்டு மில்லிமீட்டர். துணிக்கு அங்கே தொங்கத் தெரியாது.

எனவே தொங்குவதை நடிக்கத் தெரிந்த பொருள் வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கம் கிழித்துத் தள்ளும் அலுமினியத் தாள் 0.02 மில்லிமீட்டர் தடிமனுக்கு அருகில் இருக்கும்; பட்டையின் தடிமன் அப்படியே கிடைத்துவிடுகிறது. உலோகம் வளைத்த இடத்தில் நிற்கும், துணி போல நிமிராது. மழுங்கிய ஊசியால் இருக்கையின் விளிம்பு மேல் அழுத்தினால், எடையால் தொய்ந்தது போலவே மடியும். கொக்கிகளுக்கு மோட்டார் காயில் சுற்றும் கடைகளில் துண்டாகக் கிடைக்கும் எனாமல் செப்புக் கம்பி போதும். 40 எண் கம்பியின் விட்டம் 0.12 மில்லிமீட்டர், நிஜத்தில் ஒன்பது மில்லிமீட்டர் குழாய்க்குச் சமம். அறையின் பக்கச் சுவர்களில் ஓடும் கம்பிவடங்களுக்கும் இதே கம்பிதான்.

கம்பிப் பதம்

கட்டுப்பாட்டுத் தண்டும் நெம்புகோல்களும் கால் மில்லிமீட்டர் கம்பிகள். கருவித்தொகுதியில் உதிரிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை எறியாமல் வைத்திருந்தால் அதிலிருந்தே இழுக்கலாம். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகும். மெழுகுவத்திச் சுடருக்கு இரண்டு விரல் உயரத்தில் சட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் நடுப்பகுதி பளபளக்கும். அப்போது வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கைகளையும் விரிக்க வேண்டும். பாகு காய்ச்சியவர்களுக்குக் கம்பிப் பதம் தெரியும். இது அதே பதம். பிளாஸ்டிக்கின் கனஅளவு மாறாததால் நூறு மடங்கு நீண்டால் விட்டம் பத்தில் ஒன்றாகும். மூன்று மில்லிமீட்டர் சட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் இளகி ஒரு மீட்டராக நீண்டால் 0.3 மில்லிமீட்டர் இழை கிடைக்கும். சதுரச் சட்டத்தை இழுத்தால் சதுர இழையே வரும். உருவம் மாறாமல் அளவு மட்டும் சுருங்குவது இந்த ஒரு வேலையில்தான்.

மூடுபனி நாளில் ஒட்டக்கூடாதவை

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்டக் கரைப்பான் போதும். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் தூரிகையால் தொட்டால், திரிக்குள் எண்ணெய் ஏறுவது போலத் தானாக உள்ளே ஓடும். இரு பக்கத்துப் பரப்பும் கரைந்து, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கரைப்பான் ஆவியானபின் ஒரே துண்டாகிவிடும். உலோகத் தாளுக்கும் கம்பிக்கும் இது பயன்படாது. ஃபெவிக்விக் வகை உடனடிப் பசைதான் வேண்டும்.

அந்தப் பசையை இறுக வைப்பது காற்றிலுள்ள ஈரம். மூடுபனி இறங்கும் மாதங்களில் கொல்லிமலை வீடுகளில் தீப்பெட்டியே நமுத்துப்போகும். பசை அங்கே வேண்டிய அளவுக்கு மேல் சுறுசுறுப்பாகும். தொந்தரவு அதன் ஆவியால் வருகிறது. இறுகுமுன் கொஞ்சம் பசை ஆவியாகி, பக்கத்தில் இருக்கும் பரப்பில் படிந்து, அங்கே உள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக இறுகுகிறது. காவல்துறையின் கைரேகை நிபுணர்கள் இதே ஆவியைக் கொண்டுதான் கண்ணுக்குத் தெரியாத ரேகைகளை வெளிக்கொணர்கிறார்கள். மூடிய விமானி அறைக்குள் ஒரு துளி பசை மறதியாக நின்றுவிட்டால், மறுநாள் காலையில் கண்ணாடி மேற்கூரையின் உட்பக்கத்தில் செய்தவரின் கைரேகையே தெளிவாகப் பதிந்திருக்கும். திறந்தபடி ஓரிரவு விட்டு, பிறகு மூடுவதே வழி.

நிழலையும் தீட்ட வேண்டும்

மாதிரி சிறியது என்பதால் எல்லா வண்ணங்களையும் வெளிற வைக்க வேண்டும் என்றொரு நம்பிக்கை இந்தப் பொழுதுபோக்கு வட்டாரத்தில் உறுதியாக நிலவுகிறது. தூரத்து மலை நீலமாக வெளிறித் தெரிவதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். கொல்லிமலையிலிருந்து பார்க்கும்போது சமவெளி வெளிறுவது உண்மை. ஆனால் அங்கே நடுவில் இருப்பது பல கிலோமீட்டர் காற்று. 1/72 மாதிரி காட்டுவது 21 மீட்டர் தூரத்தை. அவ்வளவு காற்றால் எந்த வண்ணமும் வெளிறாது.

வண்ணத்தைவிட நிழலில்தான் குறை இருக்கிறது. வெயிலில் நிற்கும் விமானத்தின் மேல் ஒளி மிகச் சிறிய ஒரு வட்டத்திலிருந்து வருகிறது. சூரியனின் அகலம் வானத்தில் அரைப் பாகைதான். நிழல்களின் ஓரம் கத்தி போல விழும். மேசைமேல் வைத்த மாதிரிக்கு ஒளி தருவது நாலடி நீளக் குழல்விளக்கு. விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், மாதிரியிலிருந்து பார்க்க அது வானத்தில் 60 பாகைக்கும் மேல் நீண்டு கிடக்கும். நிழல்கள் கரைந்து, விமானி அறை முழுவதும் மேகமூட்டமான நாள் போலத் தட்டையாகிவிடுகிறது. இதைச் சரிக்கட்ட, நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை மூலைகளிலும் பலகையின் கீழும் ஓடவிடுகிறார்கள். பரப்பு இழுவிசையே அதை இடுக்குகளுக்குள் இழுத்துக்கொண்டு போகும். பிறகு, துடைத்துக் காய்ந்த தூரிகையில் ஒட்டியிருக்கும் வெளிர் வண்ணத்தை மேடுகளின் விளிம்பில் மட்டும் தடவுகிறார்கள். இல்லாத சூரியனின் நிழலும் வெளிச்சமும் இப்படி நிரந்தரமாக அறைக்குள் எழுதப்படுகின்றன.

மேற்கூரை

இத்தனையையும் கடைசியில் ஒரு கண்ணாடி மேற்கூரை மூடப் போகிறது. பெட்டியில் வரும் மேற்கூரை ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிஜத்தில் ஏழு சென்டிமீட்டருக்கும் அதிகம். வங்கிக் கதவுக்கு ஏற்ற கண்ணாடி. அதன் வளைவுகளில் ஒளி திசைமாறி, கேழ்வரகளவு உயரமானி நெளிந்து தெரியும். மெல்லிய மேற்கூரை ஒன்றைத் தண்ணீர் பாட்டிலிலிருந்தே செய்யலாம். அந்த பாட்டிலின் சுவர் கால் மில்லிமீட்டர் அளவு; சிறு பிளாஸ்டிக் குழாயை ஊதிப் பெரிதாக்கிச் செய்யப்படுவதால், அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் இழுபட்ட நிலையிலேயே உறைந்திருக்கின்றன. சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மரத்தில் மேற்கூரையின் உருவத்தைச் செதுக்கி, வழவழப்பாகத் தேய்த்து, பாட்டிலுக்குள் இறுகச் செருகிச் சூட்டுக் காற்றைக் காட்டினால், பிளாஸ்டிக் தானே சுருங்கி மரத்தைக் கவ்விப் பிடிக்கும். ஆறியபின் ஓரத்தை வெட்டி எடுக்க வேண்டும். மரத்தில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அது மேற்கூரையில் பதியும்.

இதை ஒட்ட உடனடிப் பசை கூடாது, கரைப்பானும் கூடாது. நீரால் கலந்த வெள்ளை ஃபெவிகாலைப் பல்குச்சியால் ஓரத்தில் தடவினால், காயும்போது நிறமில்லாமல் தெளிந்துவிடும், ஆவி படியாது. உயரமானியில் ஒரு முள் கோணலாக இருப்பது பிறகு கண்ணில் பட்டாலும், ஈரத் துணியால் ஓரத்தை நனைத்து மேற்கூரையைக் கழற்றிவிடலாம்.